மகள் பேரில் மாதம் 10,000: நகைச்சீட்டா, செல்வமகளா?

நொய்யல்கரை:
வணக்கம். வயது 34. திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனியில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு 43,000 வருகிறது. மனைவி வீட்டில் பிளவுஸ் தைக்கிறார்; ஒரு மாதம் ஏழாயிரம், ஆடியில் இரண்டாயிரம்கூட வராது. வாடகை வீடு. மகளுக்கு மூன்று வயது. தம்பி படிப்புக்காக வாங்கிய பர்சனல் லோன் போன மாதத்தோடு முடிந்தது. இப்போது கடன் எதுவும் இல்லை, மாதம் 10,000 மிச்சமாகும். மாமியார் நகைக்கடையில் சீட்டுச் சேரச் சொல்கிறார். ஆபீஸில் எல்லோரும் போஸ்ட் ஆபீஸில் செல்வமகள் கணக்கு (பெண் குழந்தைகளுக்கான அரசு சேமிப்புத் திட்டம்) ஆரம்பி என்கிறார்கள். எது சரி? இரண்டிலும் பாதிப் பாதி போடு என்ற பதில் வேண்டாம், அதை நானே யோசித்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:
செல்வமகள். சந்தேகமே வேண்டாம் தம்பி. 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2 சதவீதம். பத்து வயதுக்குள் கணக்கு திறக்க வேண்டும், 15 வருடம் கட்ட வேண்டும், திறந்த நாளிலிருந்து 21-ம் வருடம் முதிர்வு. மாதம் 10,000 வீதம் நீங்கள் கட்டுவது மொத்தம் 18 லட்சம். வட்டி இப்படியே இருந்தால் கையில் வருவது சுமார் 55 லட்சம். அதற்கு வரி கிடையாது. மாதம் ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். ஆறாம் தேதி கட்டினால் அந்தப் பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது. நான் 31 வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். இந்த ஒரு தேதி தெரியாமல் எத்தனை பேர் பத்தாம் தேதி வரிசையில் நிற்பார்கள் தெரியுமா?

சுங்குடி:
அண்ணே, 55 லட்சம் என்று சொன்னவுடன் தம்பிக்கு வாய் நிறைந்திருக்கும். 21 வருடம் கழித்து அந்த 55 லட்சத்துக்கு என்ன வாங்கலாம் என்பதையும் சொல்லியிருக்கலாம். விலைவாசி வருடம் ஆறு சதவீதம் ஏறினாலே அது இன்றைய 16 லட்சம்தான். அப்புறம் இந்த 8.2 என்பது எழுதி வைத்த வட்டி இல்லை. 2015-ல் திட்டம் வந்தபோது 9.1. அடுத்து 9.2 ஆனது, 2020-ல் 7.6-க்கு இறங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் உரிமை அரசாங்கத்திடம் இருக்கிறது.

பவுன் 2025 தொடக்கத்தில் 57,000 அளவில் இருந்தது. அதே அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை:
ஒரு வருடத்தைப் பார்த்து 21 வருடத்துக்கு முடிவு எடுப்பதா, அம்மா? 2012 கடைசியில் பத்து கிராம் சொக்கத்தங்கம் முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. 2018-லும் அதே முப்பதாயிரம் சொச்சம்தான். ஆறு வருடம் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த ஆறு வருடத்தில் யாரும் இப்படி உற்சாகமாகப் பேசவில்லை.

தவிர, விலைப்பலகையில் இருக்கும் தங்கம் வேறு, சீட்டில் வீட்டுக்கு வரும் தங்கம் வேறு. மாதம் 5,000 சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 11 மாதம் கட்டுகிறோம், 55,000. கடைக்காரர் ஒரு தவணை போட்டு 60,000-க்கு நகை எடுக்கச் சொல்கிறார். சேதாரம் 14 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம். கழித்துப் பார்த்தால் அந்த நகையில் இருக்கும் தங்கத்தின் விலை 51,000. கட்டிய காசுக்கும் கீழே. ‘போனஸ்’ தவணை எங்கே போனது என்று இப்போது புரிகிறதா?

தறிவீடு:
ஏன் எல்லாச் சீட்டும் 11 மாதம் என்று யாராவது யோசித்தீர்களா? கம்பெனிகள் டெபாசிட் வாங்குவதற்கான 2014 விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துக் கணக்கை முடிக்காவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும். அந்தச் சட்டதிட்டத்துக்குள் போகாமல் இருக்கத்தான் 11. அதாவது நீங்கள் போடுவது டெபாசிட் இல்லை, நகைக்கு முன்பணம். பேங்கில் போட்டால் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. கடை ஷட்டரை இறக்கினால் முன்பணத்துக்கு எதுவும் கிடையாது. எங்கள் ஊரில் ஒரு கடை அப்படித்தான் மூடியது. அட்டையை வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்ற பெண்களில் என் சித்தியும் ஒருவர்.

சுங்குடி:
சேதாரக் கணக்கு எனக்கும் தெரியும் அண்ணே. அதனால்தான் நான் ஆரமும் நெக்லஸும் எடுப்பதில்லை. வேலைப்பாடு இல்லாத வளையல், கல் இல்லாமல். அடகு வைக்கப் போனால் கல் எடையைக் கழிப்பார்கள் என்பதும் தெரியும். சீட்டுதான் பிடிக்கவில்லை என்றால் மாதாமாதம் பேங்கில் சேர்த்துவைத்து, வருடத்துக்கு ஒருமுறை ஹால்மார்க் போட்ட தங்கக் காசாக வாங்கிக்கொள்ளுங்கள். என் வாதம் சீட்டைப் பற்றியதே இல்லை.

2020 ஜூனில் என் வீட்டுக்காரரை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றார்கள். ஃபிக்ஸட் டெபாசிட் அவர் பேரில், அதை உடைக்க அவர் கையெழுத்து வேண்டும். அவர் கண்ணே திறக்கவில்லை. நான்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். நாற்பது நிமிடத்தில் 1,20,000 கையில். யாரும் என்னிடம் பான் கார்டு ஜெராக்ஸ் மூன்று காப்பி கேட்கவில்லை. செல்வமகளில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அதில் 18 வயதுக்கு முன்னால், அல்லது பத்தாவது தேறுவதற்கு முன்னால், படிப்புக்குக்கூட எடுக்க முடியாது. அப்போதும் பாதிதான். அதை வைத்துக் கடனும் வாங்க முடியாது. கைக்கு எட்டாத காசு என்ன காசு?

குடைக்காரன்:
மன்னிக்கவும், இடையில் வருகிறேன். நொய்யல்கரை, உங்களுக்கு டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் பாலிசி, இருக்கிறதா? 15 வருடம் மாதாமாதம் 10,000 என்று இரண்டு பேரும் கணக்குப் போடுகிறார்கள். அந்த 15 வருடமும் நீங்கள் இருப்பீர்கள் என்று யார் சொன்னது?

கடைவீதி:
ஏஜென்ட் வந்துவிட்டார் 😄

குடைக்காரன்:
ஏஜென்ட் இல்லை, ஸ்கூல் வாத்தியார். என் அண்ணன் 38 வயதில் போனார். பிள்ளைகள் பேரில் இரண்டு எண்டோமென்ட் பாலிசி (சேமிப்பும் காப்பீடும் கலந்தது) வைத்திருந்தார், இரண்டும் சேர்த்து வந்தது நான்கு லட்சம். அதே பிரீமியத்துக்கு டேர்ம் எடுத்திருந்தால் ஐம்பது லட்சத்துக்குக் குறையாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. விண்ணப்பத்தில் பீடி, ஹான்ஸ் பழக்கம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பாலிசியை 1874-ம் வருட திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுங்கள், விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். அப்படி எடுத்தால் நாளை உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது, அது மனைவி பிள்ளைகளுக்கு.

கடைவீதி:
அவர் சொல்வது சரிதான், கிண்டலுக்கு மன்னிக்கவும். ஆனால் யாருமே ஏலச்சீட்டைப் பற்றிப் பேசவில்லையே? 20 பேர், ஆளுக்கு 5,000, ஒரு லட்சம் சீட்டு. அவசரமென்றால் முதல் மாதமே தொகையைக் குறைத்து ஏலம் கேட்டு எடுக்கலாம், இல்லையென்றால் கடைசி வரை இருந்து மற்றவர்கள் விட்டுக்கொடுத்த தள்ளுபடிக் காசையெல்லாம் வாங்கலாம். கடனும் அதுவே, சேமிப்பும் அதுவே. எங்கள் பஜார் பாதி அதில்தான் ஓடுகிறது.

தறிவீடு:
வியாபாரிக்குச் சரி. மாதச் சம்பளக்காரர் கடைசி வரை உட்கார்ந்திருந்து வாங்குகிறவர். சீட்டுப் பிடிப்பவர் ஓடினால் முதலில் மாட்டுவதும் அவர்தான். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ‘நம்ம ஆளுதான்’ என்பார்கள்.

சுங்குடி அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கதையில் நகை காப்பாற்றியது. என் அம்மாவுடைய 18 பவுன் வேறு மாதிரிப் போனது. அப்பா தறி போடும்போது ஆறு பவுன், நூல் விலை ஏறியபோது நான்கு, அத்தை கல்யாணத்துக்கு மிச்சம். ஒவ்வொரு தடவையும் ‘ஆறே மாதத்தில் திருப்பிவிடலாம்’. வட்டி மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் மூழ்கிப் போனது. ஏல நோட்டீஸ் வந்த அன்றுதான் எனக்கே தெரியும். கைக்கு எட்டும் காசு என்றீர்கள். யார் கைக்கு? அம்மா கழுத்தில் இருந்ததால்தான் அது எல்லோர் கைக்கும் எட்டியது. அது பேப்பரில், எடுக்க முடியாத இடத்தில் இருந்திருந்தால் அப்பா வேறு வழி தேடியிருப்பார். எனக்குச் செல்வமகள் பிடித்திருப்பதே அதற்காகத்தான். தகப்பன் நினைத்தாலும் அடகு வைக்க முடியாது. 18 வயதில் கணக்கு அவள் கைக்கு மாறிவிடும்.

சுங்குடி:
உங்கள் அம்மாவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது தம்பி. மறுக்கவில்லை. என் மாமியார் நகைக்கும் அதே கதிதான், நான் அதை எழுதாமல் விட்டேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அப்பா வேறு வழி தேடியிருப்பார் என்கிறீர்களே, என்ன வழி? கந்துவட்டிதானே?

தறிவீடு:
இருக்கலாம். தறி போடாமலே இருந்திருக்கலாம் என்றும் சில நாள் தோன்றும்.

கணக்குப்பிள்ளை:
அவசரத்துக்கு வேறு, பிள்ளைக்கு வேறு என்று பிரித்தால் இந்தச் சண்டையே இல்லை. மூன்று மாதச் செலவைச் சேர்த்து, ‘இருவரில் யாரும் எடுக்கலாம்’ என்ற முறையில் ஜாயின்ட் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். அம்மா சொன்ன கையெழுத்துப் பிரச்சினை அதில் வராது.

நொய்யல்கரை:
இது நொய்யல்கரை இல்லை, அவர் வீட்டுக்காரி. போனை இங்கே வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார், எல்லாவற்றையும் படித்தேன். நல்லவிதமாகப் பேசியிருக்கிறீர்கள், நன்றி. கடன் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார். என் மூன்று பவுன் சங்கிலி இரண்டு வருடமாக அடகில் இருக்கிறது, அவர் தங்கச்சி வளைகாப்புக்கு வைத்தது. அது அவர் கணக்கில் கடனாகத் தெரியவில்லை போலிருக்கிறது. 95,000. மாதம் ஒன்றரை வட்டி. போன வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்தோம்.

சுங்குடி:
தங்கச்சி, வா. இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். மாதம் 1,425 ரூபாய் வட்டிக்கே போகிறது. 18 கொடுத்துக்கொண்டு 8.2-க்குச் சேமிப்பதா? நான் மேலே எழுதியதைத் தள்ளி வையுங்கள். மாதம் 10,000 அங்கேயே கட்டினால் 11-ம் மாதம் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் கடைக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அசலில் சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்வாரா என்று. சில இடங்களில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்படியென்றால் கூட்டுறவு வங்கியில் வட்டி குறைவாகக் கிடைக்கிறதா என்று பார்த்து அங்கே மாற்றிவிடுங்கள்.

செல்வமகள் கணக்கை மட்டும் இப்போதே 250 ரூபாய் போட்டுத் திறந்து வையுங்கள். வருடத்துக்குக் குறைந்தபட்சம் அவ்வளவு போதும். 21 வருடக் கணக்கு திறந்த நாளிலிருந்துதான் ஓடும்.

குடைக்காரன்:
டேர்ம் பாலிசிக்கு 11 மாதம் காத்திருக்க வேண்டாம். அந்த 10,000-லிருந்து மாதம் ஆயிரம் சொச்சத்தை முதலில் எடுத்து வையுங்கள். சங்கிலி ஒரு மாதமோ இரண்டு மாதமோ தாமதமாக வரட்டும்.

நொய்யல்கரை:
இப்போது நான்தான். படித்தேன். வளைகாப்பு விஷயத்தை எழுதியிருக்க வேண்டும், உண்மையிலேயே மறந்துபோனது. மறந்தது என்றால் வட்டி ஜிபேயில் தானாகப் போய்விடுகிறது, அதனால் செலவுக் கணக்கில் பாலோடு பாலாகக் கலந்துவிட்டது. சங்கிலியைத் திருப்புகிறோம். பாலிசிக்கு இந்த வாரம் விண்ணப்பிக்கிறேன்.

மாமியாரிடம் நகைச்சீட்டு வேண்டாம் என்று யார் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை.

சுங்குடி:
சங்கிலி அடகில் இருப்பது உங்கள் மாமியாருக்குத் தெரியுமா?

நொய்யல்கரை:
தெரியாது.

சுங்குடி:
அப்படியென்றால் சங்கிலி கழுத்துக்கு வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். தங்கச்சி, தைக்கிற காசில் மாதம் ஐந்நூறு, ஆயிரம் உன் பேரில் தனியாகப் போட்டு வை. அது சிறுவாடு. இந்த இழையில் யாருக்கும் அதன் கணக்குச் சொல்ல வேண்டாம், கணக்குப்பிள்ளை அண்ணன் கேட்டாலும்.