கொல்லைப்புறப் பட்டிங் க்ரீன்: உறைபனிக் காலத்தில் போடுவதும் பேணுவதும் (அனுபவப் பகிர்வு)

பட்டிங் க்ரீன் என்பது கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டிப் பழகும் பரப்பு; இங்கே சொல்வது செயற்கைப் புல்லால் போடுவது. உறைபனி இறங்கும் இடங்களில் க்ரீன் மேடுபள்ளமானால் பழி புல் மேல்தான் விழுகிறது. பிரித்துப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் அடித்தளத்தில்தான் இருக்கிறது. உள்ளே நின்ற தண்ணீருக்கு வெளியேற வழியில்லாமல் போயிருக்கும்.

தரை மேலெழும்ப மூன்றும் சேர வேண்டும்: நுண்துகள் மிகுந்த வண்டல் மண், தண்ணீர், பூஜ்யத்துக்குக் கீழான குளிர். உறையும் தண்ணீர் 9 சதவீதம் பெருகும் என்பது பாதிக் கதைதான். நுண்துளைகள் வழியாகக் கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். உறையும் மட்டத்தில் அது தட்டுத் தட்டாகப் பனியாக வளரும். தரையைத் தூக்குவது முக்கியமாக அந்தத் தட்டுகள்தான்.

அதனால் வழக்கமான 4 அங்குலத் தோண்டல் இங்கே போதாது, 6 முதல் 8 அங்குலம் எடுங்கள். அடியில் நெய்யாத ரக ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணும் ஜல்லியும் கலக்காமல் பிரிப்பது), இணையும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று 12 அங்குலம் ஏறியிருக்கட்டும். அதன் மேல் தூள் இல்லாத 20 மிமீ கழுவிய ஜல்லி 4 அங்குலம். பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லியில் ஈரம் மேலே ஏறாது, அதுதான் இதன் வேலை. பிறகு 6 மிமீ சிப்ஸ் (பொடி ஜல்லி) ஒரு அங்குலம்; இது இல்லாவிட்டால் மேல் தூள் ஜல்லிக்குள் இறங்கிப் பள்ளம் விழும். கடைசியாகக் கிரஷர் தூள் ஒரு அங்குலம். மட்டம் நன்றாக வருகிறதே என்று தூளை 3 அங்குலம் கொட்டுபவர்கள் உண்டு. அந்தத் தூளே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உறையும்.

வாட்டம் (சரிவு) 1 முதல் 2 சதவீதம். கப்பை (பந்து விழும் குழியை) சுற்றி 3 அடிக்குள் 3 சதவீதத்தைத் தாண்டினால் வேகமான பரப்பில் பந்து நிற்காது. தாழ்ந்த பக்கத்தில் 4 அங்குலத் துளைக்குழாய் பதித்து, அதைவிடத் தாழ்வான வெளியிடத்தில் திறந்து விடுங்கள். களிமண்ணில் குழாய் இல்லாமல் ஜல்லி நிரப்புவது கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பதற்குச் சமம்.

*

அடித்தளம் பற்றி ஒரு சேர்க்கை. தரை உறைந்திருக்கும்போது காம்பாக்டர் (அதிர்வால் மண்ணைக் கெட்டிக்கும் இயந்திரம்) ஓட்டவே கூடாது. துகள்களைப் பனி ஒட்டிப் பிடித்திருப்பதால் மண் கல் மாதிரி இருக்கும், அதிர்வில் ஒரு அசைவும் தெரியாது, வேலை பிரமாதம் என்று தோன்றும். உருகியதும் அப்படியே அமுங்கும். குவித்து வைத்த தூளுக்கும் இதே விதி: தார்ப்பாய் போட்டு மூடுங்கள், உறைந்த கட்டிகளைப் பொறுக்கி எறியுங்கள். ஒரு நேரத்தில் 2 அங்குலத்துக்கு மேல் கொட்டிக் கெட்டிக்காதீர்கள். அன்றைய வேலை முடிந்ததும் வெப்பக்காப்புப் போர்வை போட்டு மூடினால்தான் மறுநாள் தொடர முடியும். முடிவில் 10 அடி நேர்க்கோலைப் பல திசைகளில் வைத்துப் பாருங்கள். 3 மிமீக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அங்கே பந்து திசை மாறும்.

*

புல்லுக்கு வருகிறேன். குளிரில் சுருள் விறைத்துப் போயிருக்கும். விரித்த உடனே வெட்டினால் அளவு தப்பும். உள்ளறையில் ஓர் இரவு வைத்து, வெயில் ஏறும் நேரத்தில் விரித்து, சில மணி நேரமாவது விட்டுவிடுங்கள். குளிரில் இழுத்துப் போட்ட புல் வெயில் காலத்தில் விரிந்து சுருக்கம் காட்டும். ஆகவே ஓரத்தை 2 அங்குலம் கூடுதலாக விட்டு, இளவேனிலில் கடைசி வெட்டு வெட்டுவதே சரி.

இணைப்புதான் குளிர்கால வேலையின் பலவீனமான இடம். பாலியூரித்தேன் பசைக்குப் பொதுவாக 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை குறைந்தபட்ச வெப்பம் வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை மீறாதீர்கள். ஈரக் காற்றால் இறுகும் ரகம் குளிர்ந்த வறண்ட காற்றில் மிக மெதுவாக இறுகும், அதுவரை இணைப்பு மேல் மணல் மூட்டைகளைப் பாரமாக வையுங்கள். நீர் கலந்த பசையை இந்தப் பருவத்தில் தொட வேண்டாம்.

பாலிப்ரொப்பிலீன் புல் என்றால் மணல் நிரப்பாமல் முடியாது. 0.3 முதல் 0.6 மிமீ வரை உள்ள, உலையில் உலர்த்திய உருண்டைச் சிலிக்கா மணல் எடுங்கள். இழையின் உயரத்தைப் பொறுத்துச் சதுர அடிக்கு ஒன்றரை முதல் 3 பவுண்டு பிடிக்கும். மெல்லிய படலமாகத் தூவி, பவர் ப்ரூம் (மோட்டார் துடைப்பம்) ஓட்டி, மறுபடி தூவ வேண்டும். இழையில் துளி ஈரம் இருந்தாலும் மணல் மேலேயே கட்டி நிற்கும். பனித்துளி காயாத காலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வறண்ட நாள் கிடைக்காவிட்டால் புல்லை மட்டும் போட்டுவிட்டு மணலைத் தள்ளிப்போடுங்கள், ஆனால் அதுவரை யாரும் அதில் நடக்கக் கூடாது. சாய்ந்த இழையை நிமிர்த்துவது சிரமம்.

*

பனி விழுந்த பிறகு என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். முடிந்தால் ஒன்றும் செய்யாதீர்கள், தானாக உருகட்டும். தள்ளியே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் வாரி மட்டும், அதிலும் கடைசி ஒரு அங்குலத்தை விட்டுவிடுங்கள். இரும்பு விளிம்பு முதலில் இணைப்பைத்தான் கிளப்பும். கட்டியான பனியைக் கொத்த வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் பூஜ்யத்தை ஒட்டியே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், பனியோடு இழையும் ஒடிந்து வரும்.

பனியை உருக்கக் கல்லுப்பு கூடவே கூடாது. நீர் காய்ந்ததும் உப்புப் படிகம் மணலில் தங்கி வடிகாலை அடைக்கும். கால்சியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வழுக்கும் படலமாக நிற்கும்.

பனி வருவதற்கு முன்பே இலைகளைக் கூட்டிவிடுங்கள். அடியில் அழுகும் இலை மணலுக்குள் பாசியைக் கொண்டுவந்து சேர்க்கும்.

*

கப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 108 மிமீ விட்டமுள்ள குழியில் தண்ணீர் நின்று உறைந்தால் பிளாஸ்டிக் கப் வெடிக்கும், அல்லது மேலெழும்பி விளிம்பு துருத்தும். கப்புக்கு நேர் கீழே ஒரு அடி ஆழத்துக்கு 20 மிமீ ஜல்லி நிரப்பி, கப்பின் அடியில் துளைகள் இருப்பதை உறுதி செய்யுங்கள். உறைபனிப் பருவம் தொடங்கும் முன் கொடிக்கம்பை எடுத்து, மூடி போட்டு வையுங்கள்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: ஜன்னல். வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியில், குளிரால் உள்ளே அடைபட்ட வாயு சுருங்கிக் கண்ணாடி உட்புறம் குழியும். குழியாடி போல அது தாழ்ந்த குளிர்கால வெயிலைக் குவித்துப் புல்லின் மேல் போடும். நேர்க்கோடாகவோ பட்டையாகவோ இழை உருகியிருந்தால் காரணம் இதுதான். ஜன்னலுக்கு வெளிப்புறம் வலை போட்டால் நின்றுவிடும்.

*

கடைசியாக, பனிக்காலம் முடிந்ததும் ஓட்டும் உருளை. தரை முழுக்க உருகி, குழாயில் நீர் சொட்டுவது நிற்கும்வரை உருட்டாதீர்கள். நீர் நிறைந்த அடித்தளத்தின் மேல் பாரம் ஏறினால் நுண்துகள் மேலே பிதுங்கும், புதுப் பள்ளங்கள் விழும். முதலில் ஓரத்து ஆணிகளைப் பாருங்கள். மேலெழும்பியவற்றை அதே துளையில் அடிக்காமல் ஒரு அங்குலம் தள்ளி அடியுங்கள். பிறகு மணலைப் ப்ரூமால் கலைத்து, குறைந்த இடத்தில் சேர்த்து, நீர் உருளையைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள். வேகத்தை ஸ்டிம்ப்மீட்டரால் (பந்தை உருட்டிவிட்டு அது ஓடும் தூரத்தை அளக்க உதவும் சாய்வுக் கம்பி) அளக்கும்போது ஒரே திசையில் மூன்று பந்து, எதிர்த்திசையில் மூன்று பந்து விட்டுச் சராசரி எடுங்கள். இலையுதிர் காலத்தில் குறித்து வைத்த அளவைவிட ஒரு அடிக்கு மேல் குறைந்திருந்தால் மணல் குறைந்திருக்கலாம், அல்லது இழை நிமிர்ந்து நிற்கலாம். மணல் மட்டத்தைப் பார்த்த பிறகே மறுபடி உருட்டுங்கள்.