ஐடிலிங் ஏறி இறங்கும் பழைய பிக்கப்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

[காலை 6:42] தம்பி: வணக்கம் சித்தப்பா. நம் பழைய டீசல் பிக்கப்பில் சில நாள்களாக ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் குறைந்த வேகம்) நிலையாக நிற்கவில்லை. ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காதபோதும் எஞ்சின் வேகம் தானாக ஏறி இறங்குகிறது. சிக்னலில் நின்றால் சில நேரம் அணைந்தும் விடுகிறது. பட்டறையில் அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்குரூவைச் சற்று ஏற்றி வைத்தார்கள். அணைவது குறைந்ததே தவிர ஏற்ற இறக்கம் போகவில்லை. இப்போது டீசல் பம்பைக் கழற்றி, டீசலைக் கூட்டிக் குறைத்து எஞ்சின் வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

[காலை 6:50] அக்கா: ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் நேரத்தில் வண்டி பட்டறையில் நிற்கக் கூடாது. சித்தப்பா சொல்லும்வரை பம்பைக் கழற்றச் சம்மதிக்காதே, தம்பி.

[காலை 7:15] சித்தப்பா: காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறதா? டேங்கில் டீசல் குறையும்போது தொல்லை கூடுகிறதா? எஞ்சின் ஒரே சீராக உதறுகிறதா, அல்லது வேகம் மட்டும் அலைபோல் ஏறி இறங்குகிறதா?

[காலை 7:21] தம்பி: உதறல் இல்லை, அலைபோலத்தான் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமாகிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது, டேங்க் நிரம்பியிருக்கும்போது ஐடிலிங் ஓரளவு நிலையாகவே நிற்கிறது.

[காலை 7:40] சித்தப்பா: அப்படியானால் பம்பைத் தொட வேண்டாம். டீசல் லைனில் எங்கோ காற்று நுழைகிறது என்றே நினைக்கிறேன். டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குத் தரும் சிறு பம்ப்தான் ஃபீட் பம்ப்; டேங்கிலிருந்து அதுவரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டுவதற்குப் பதிலாகக் காற்றுதான் உள்ளே போகும். அதனால் கீழே ஈரம் இல்லை என்று பார்த்துவிட்டு லைன் நன்றாக இருக்கிறது என முடிவு செய்யக் கூடாது. இரவில் அந்த வழியாகக் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பிவிடுவதால்தான் காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமாகிறது.

கவர்னர்மீது பழி விழுவது ஏன் என்பதையும் சொல்கிறேன். காற்றுக் குமிழ் பம்புக்குள் போனதும் எரிபொருள் குறைந்து எஞ்சின் வேகம் விழுகிறது. அதை உணர்ந்த கவர்னர் டீசலைக் கூட்டுகிறது. அதற்குள் குமிழ் கடந்துவிடுவதால் வேகம் மிகுதியாக ஏறுகிறது, உடனே அது டீசலைக் குறைக்கிறது. தன் வேலையைச் சரியாகச் செய்யும் கவர்னரைத்தான் குற்றவாளியாக்கிப் பிரிக்கிறார்கள். கவர்னரே தேய்ந்துபோன வண்டிகளும் உண்டு, ஆனால் அதைக் கடைசியாகப் பார்ப்பதே முறை.

[காலை 7:52] தம்பி: எந்த இடத்தில் காற்று நுழைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, சித்தப்பா?

[காலை 8:10] சித்தப்பா: ஃபீட் பம்புக்குள் நுழையும் இடத்தில் டீசலுக்குத் தாங்கும் கண்ணாடிபோன்ற ஹோஸ் ஒரு துண்டு போட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். அங்கேயே குமிழ் ஓடினால் குறை டேங்க் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தெளிவாக இருந்து ஃபில்டருக்குப் பின்னால் குமிழ் தெரிந்தால் கையால் அடித்து லைனில் டீசல் ஏற்றும் கைப்பம்பின் சீல், ஃபில்டர் வாஷர், குழாயை இணைக்கும் துளையுள்ள பான்ஜோ போல்ட்டின் செப்பு வாஷர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிறகு சுத்தமான டீசல் கேனை உயரத்தில் வைத்து, அதிலிருந்து நேரே ஃபீட் பம்புக்கு ஹோஸ் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஐடிலிங் நிலைத்தால் குறை டேங்க் பக்கத்து லைனில்தான், சந்தேகமே வேண்டாம். அப்படியே ஃபில்டரின் அடி ஸ்குரூவைத் திறந்து தண்ணீரையும் வடித்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய்களின் அருகே கை கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

[மாலை 5:30] தம்பி: நீங்கள் சொன்னபடியே ஃபீட் பம்பின் வாயிலிலேயே குமிழ்கள் ஓடின. கேனிலிருந்து கொடுத்தபோது எஞ்சின் ஏற்ற இறக்கமின்றி ஒரே வேகத்தில் ஓடியது. சேஸிஸ் ஓரமாக வளையும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில் வெடிப்பு இருந்தது. இரு முனைகளுக்கும் புதுக் கிளிப் போட்டு ஹோஸை மாற்றி, கைப்பம்பு அடித்துக் காற்றை எடுத்துவிட்டோம். ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் ஐடிலிங் இப்போது சற்று அதிகமாக இருக்கிறது.

[மாலை 5:44] சித்தப்பா: பட்டறையில் ஏற்றிய ஸ்குரூதான் அதற்குக் காரணம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆர்பிஎம்முக்கு மீட்டர் வைத்து இறக்கச் சொல்லுங்கள். சீல் வைத்த டீசல் அளவு ஸ்குரூவைத் தொட விடாதீர்கள். நாளைக் காலை முதல் ஸ்டார்ட் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

[மறுநாள் காலை 5:12] தம்பி: தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிவிட்டது, சித்தப்பா. அக்கா, தக்காளி ஏற்ற வண்டி கிளம்பிவிட்டது.