விரிவுரையில் ஆங்கிலம் காதில் விழுகிறது, பொருள்தான் பிடிபடவில்லை: எப்படிப் பழகுவது?

முதற்பருவம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் படிப்பில் சேர்ந்து எட்டு வாரங்கள் ஆகின்றன. பாடநூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் படிப்பதில் எனக்குப் பெரிய சிரமம் இல்லை. ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் கேட்டல் பகுதியிலும் நல்ல மதிப்பெண் பெற்றுத்தான் வந்தேன். ஆனால் வகுப்பில் பேராசிரியர் பேசுவதில் பாதிதான் புரிகிறது. முதல் பத்து நிமிடங்கள் எப்படியோ தொடர்ந்து வருகிறேன். பிறகு ஏதோ ஒரு சொல் நழுவுகிறது, அது என்னவாக இருக்கும் என்று யோசிப்பதற்குள் அடுத்த இரண்டு வாக்கியங்கள் போய்விடுகின்றன, அதன் பிறகு இழையைப் பிடிக்கவே முடிவதில்லை.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புள்ளியியல் வகுப்பில், "இந்தத் தரவுகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்ளலாம்" என்று குறிப்பெழுதி வைத்திருந்தேன். திருத்தப்பட்ட ஒப்படைப்பு கைக்கு வந்த பிறகுதான், அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்று அவர் சொல்லியிருந்தார் எனத் தெரிந்தது. அவர் "கேன்" என்றது எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது. அமெரிக்க உச்சரிப்பில் பேசுபவர் அவர்.

மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது நிலைமை இன்னும் கடினம். சொல்வளத்தைப் பெருக்க வேண்டுமா, திரைப்படங்கள் பார்க்க வேண்டுமா, அல்லது நாள்பட நாள்பட இது தானாகச் சரியாகிவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

செவிப்பயிற்சி எழுதியது:

வணக்கம். பேச்சு ஆங்கிலத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். "கேன்" என்றது மிகத் தெளிவாகக் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அந்த ஒரு வரியிலேயே சிக்கலின் வேர் தெரிகிறது.

"முடியும்" என்னும் பொருளில் அந்தத் துணைவினை வாக்கியத்தின் நடுவே வரும்போது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் அதைக் "கேன்" என்று முழுமையாகச் சொல்வதில்லை. உயிரொலி மங்கி, "க்ன்" என்பதுபோல ஓடிவிடும். "முடியாது" என்னும் பொருளில் "கேன்ட்" என்னும்போதுதான் உயிரொலி முழுமையாக ஒலிக்கும், ஆனால் இறுதி "ட்" பெரும்பாலும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஆகவே நடு வாக்கியத்தில் "கேன்" என்று தெளிவாகக் கேட்டால், அது எதிர்மறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாக்கியத்தின் இறுதியிலோ, வலியுறுத்திச் சொல்லும்போதோ உடன்பாட்டுச் சொல்லும் முழுமையாக ஒலிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பில் பொதுவாக இந்தக் குழப்பம் இல்லை. அங்கே எதிர்மறைச் சொல் "கான்ட்" என்று நெடிலாகிவிடும்.

நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றோம். அதனால் ஒவ்வொரு சொல்லும் அச்சில் இருக்கும் வடிவிலேயே காதுக்கும் வரும் என்று எதிர்பார்க்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசைகள் மட்டுமே முழுமையாக ஒலிக்கின்றன, மற்றவை சுருங்கிவிடுகின்றன. இது தமிழருக்குப் புதிய செய்தியும் அன்று. "காசு", "நாடு" என்னும் சொற்களின் ஈற்று உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். நம் மொழியில் குறிப்பிட்ட இடங்களில் நிகழும் இந்தக் குறுக்கம், ஆங்கிலத்தில் ஏறத்தாழ எல்லா வாக்கியங்களிலும் நிகழ்கிறது.

புணர்ச்சியும் அப்படித்தான். "அவன் இல்லை" என்பது "அவனில்லை" ஆவதுபோல, "டர்ன் இட் ஆஃப்" என்பது "டர்னிடாஃப்" என ஒரே சொல்லாகக் கேட்கும். "மணி அடித்தது" என்பதில் யகரம் தோன்றி "மணியடித்தது" ஆவதுபோலவே, "ஐ அக்ரீ" என்பது "ஐயக்ரீ" ஆகும். "கோ ஆன்" என்பதில் வகரம் நுழைந்து "கோவான்" ஆகும். உடம்படுமெய் என்று இதற்கு நாம் பெயரே வைத்திருக்கிறோம். பேச்சைக் கேட்டவுடன் சொற்களாகப் பிரிக்கும் பழக்கம் உங்களுக்குத் தாய்மொழியில் ஏற்கெனவே உண்டு. அதே பழக்கத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

சொல்வளம் பற்றிக் கேட்டீர்கள். ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றின் பொருள் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒலி தெரியாமல் இருக்கலாம். "அனலைஸ்" என்னும் வினையில் முதல் அசை அழுத்தம் பெறுகிறது. "அனாலிசிஸ்" என்னும் பெயரில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்கிறது. "அனலிட்டிகல்" என்பதில் மூன்றாம் அசைக்குப் போகிறது. அழுத்தம் நகர நகர மற்ற அசைகள் மங்குவதால், ஒரே குடும்பத்துச் சொற்கள் காதுக்கு வேறுவேறு சொற்களாகத் தோன்றும். அந்தப் பட்டியலைப் படிக்காதீர்கள். ஒலிப்பு வசதியுள்ள அகராதியில் கேட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பயிற்சிக்குத் திரைப்படத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். எம்ஐடி ஓபன்கோர்ஸ்வேர், ஓபன் யேல் கோர்ஸஸ் போன்றவற்றில் எழுத்துப் படியுடன் கூடிய விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் துறையில் ஒன்றை எடுத்து, இரண்டே நிமிடப் பகுதியை எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, கேட்டதைக் கேட்டபடியே தாளில் எழுதுங்கள். பிறகு ஒப்பிட்டால், விடுபட்டவற்றுள் பெரும்பாலானவை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சின்னஞ்சிறு சொற்களாக இருப்பதைக் காண்பீர்கள். அந்த இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, அதே வேகத்தில் நீங்களும் சொல்லிப் பாருங்கள். வாய்க்குப் பழகிய சுருக்கம் காதுக்கும் எளிதில் பிடிபடும். நாள்தோறும் இருபது நிமிடங்கள் இதற்குப் போதும்.

---

கரும்பலகை எழுதியது:

மேலே உள்ள மறுமொழியை முழுமையாக ஏற்கிறேன். தேர்வுக்கும் வகுப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஐஇஎல்டிஎஸ் கேட்டல் தேர்வில் ஏறத்தாழ 30 நிமிடங்களில் 40 வினாக்கள். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும் என்றாலும், வினாக்கள் முன்கூட்டியே கண்முன் இருக்கின்றன. எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் அந்த வினாத்தாள் இல்லை. ஆகவே அதை நீங்களே தயாரித்துக்கொண்டு போக வேண்டும். முந்தைய நாளே படவில்லைகளையோ பாடநூல் பகுதியையோ பார்த்து, "இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?", "இது எப்போது பொருந்தாது?" என்பனபோல நான்கைந்து கேள்விகளை எழுதிக்கொண்டு போய் உட்காருங்கள். நான் மாணவனாக இருந்தபோது எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான்.

அடுத்து, ஒரு சொல் நழுவினால் அதன் பின்னால் ஓடாதீர்கள். தாளில் ஓர் இடைவெளி விட்டுவிட்டு, அடுத்த திருப்பத்துக்காகக் காத்திருங்கள். ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் பேராசிரியர்கள் புதிய பகுதியைத் தொடங்கும்போது ஒரு கணம் நிறுத்தி, குரலைச் சற்று உயர்த்தி, "ஓகே, நவ்", "சோ, வாட் டஸ் திஸ் மீன்" என்பனபோல ஏதேனும் சொல்வார்கள். பகுதி முடியும்போது குரல் தாழ்ந்து மெலியும். நழுவிய இழையை மீண்டும் பிடிப்பதற்கு உரிய இடங்கள் இவைதாம். "பை த வே" என்று கேட்டால் பேனாவைக் கீழே வைத்துச் சற்று இளைப்பாறலாம்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

உரையாடலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அங்கே ஒலியைப் பிடித்த பிறகும் பொருள் தப்பிவிடக்கூடும். ஆய்வேட்டின் முதல் வரைவைப் பார்த்த என் நெறியாளர், "யூ மைட் வான்ட் டு டேக் அனதர் லுக் அட் செக்ஷன் டூ" என்றார். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. விருப்பம் இருந்தால் பார்க்கலாம் என்று எண்ணி, அந்தப் பகுதியைத் தொடாமலேயே அடுத்த வரைவை அனுப்பினேன். அதைத் திருத்தி எழுதியே ஆக வேண்டும் என்பதைத்தான் அவர் அவ்வளவு மென்மையாகச் சொல்லியிருந்தார். "மைட்", "பெர்ஹாப்ஸ்", "ஐ வண்டர் இஃப்" என்று மெதுவாகத் தொடங்கும் வாக்கியங்களை இப்போதெல்லாம் கூடுதல் கவனத்துடன் கேட்கிறேன்.

இத்தகைய பேச்சு உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க விரும்பினால், மிச்சிகன் பல்கலைக்கழகம் தொகுத்த "மைகேஸ்" தரவகம் நல்ல இடம். விரிவுரைகளோடு, மாணவர்கள் ஆசிரியரை அவரது அறையில் சந்தித்துப் பேசியவையும் குழுவாகக் கூடிப் படித்தவையும் அடங்கிய 152 பதிவுகளின் எழுத்துப் படிகள் அதில் உள்ளன. மொத்தம் ஏறத்தாழ 18 லட்சம் சொற்கள். பாதியில் விட்ட வாக்கியங்களும் திக்கல்களும் அப்படியே இருக்கும்.

புரியாதபோது "சாரி?" என்று மட்டும் கேட்டால், அவர்கள் முழுவதையும் அதே வேகத்தில் திரும்பச் சொல்வார்கள். கேட்ட வரை நீங்களே சொல்லி, விடுபட்ட இடத்தை மட்டும் வினவுங்கள்: "த டிராஃப்ட் இஸ் டியூ வென்?" என்றால் ஒரே சொல்லில் பதில் கிடைக்கும். கூட்டமும் இரைச்சலும் உள்ள இடத்தில் இரண்டாம் மொழியில் கேட்பவருக்குச் சுமை அதிகம். ஆகவே குழுப் பணிக்கு அமைதியான அறையைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

---

முதற்பருவம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இரண்டு நிமிடப் பகுதி ஒன்றைக் கேட்டு எழுதிப் பார்த்தேன். பதினேழு இடங்கள் விடுபட்டிருந்தன. அவற்றுள் எனக்குத் தெரியாத சொற்கள் இரண்டே இரண்டு. ஒரு ஐயம்: எங்கள் வகுப்பையே பதிவு செய்து இதுபோலப் பயிலலாமா?

---

செவிப்பயிற்சி எழுதியது:

பேராசிரியரிடம் முதலில் அனுமதி பெறுங்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை, ஏனெனில் நீங்கள் பழக வேண்டியது அவருடைய குரலுக்கு. தானியங்கி வசன வரிகளை மட்டும் சரிபார்க்காமல் நம்பிவிடாதீர்கள். உங்களைத் தடுமாற வைத்த அந்தக் "கேன்" அவற்றையும் சில நேரங்களில் தடுமாற வைக்கும்.