துவரம் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, சாம்பார் வைக்க யாராவது உதவுங்கள் (அவசரம்)

தண்டையார்பேட்டை தம்பி
எல்லோருக்கும் வணக்கம். வெளிநாடு வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. இன்றைக்கு மதியத்துக்குள் எப்படியாவது முருங்கைக்காய் சாம்பார் வைத்தாக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஏற்றிய துவரம் பருப்பு, பத்தரை ஆகியும் வேகவில்லை. ஒன்றை எடுத்து நசுக்கினால் நடுவில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உடைகிறது. மேலே தண்ணீர் தனி, கீழே பருப்பு தனி. என்ன தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

பெரம்பூர்க்காரன் (ஷார்ஜா)
தம்பி, குக்கரில் போட்டு நாலு விசில் விட்டு இறக்கு. அவ்வளவுதான் வேலை.
நான் 2009-ல் இங்கே வந்தபோது ஓர் அறையில் எட்டுப் பேர், ஓர் அடுப்பு. முறை வைத்துச் சமையல், என்னுடையது வியாழக்கிழமை. முதல் வியாழன் டூட்டி முடிந்து இரவு ஒன்பதரைக்கு வந்து சாம்பார் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டது. ஏழு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் கல் உப்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்கள். அந்த ஏழு பேரை இன்றுவரை மறக்க முடியவில்லை. நீயும் பயப்படாதே, கை பழகிவிடும்.

கல்மண்டபம் அக்கா (ஸ்கார்பரோ)
குக்கர் எல்லாம் அப்புறம். முதலில் தூள் என்ன தூள் என்று சொல்லுப்பா. கடைத் தூள் என்றால் பருப்பு எவ்வளவு வெந்தாலும் நம் வீட்டுச் சாம்பார் வராது. மிளகாய், தனியா, துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, மிளகு, வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாவற்றையும் மாடியில் இரண்டு நாள் காயவைத்து, மெஷினில் கொடுத்து, பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்க வேண்டும். எங்களுக்கு முன்னால் யாராவது மல்லி மட்டும் அரைத்திருந்தால் என் அம்மா அடுத்த ஆளை முன்னே விட்டுவிட்டுக் காத்திருப்பார்.
முதல் ஜனவரியில் நாங்கள் இருந்தது ஒரு பேஸ்மென்ட். ஜன்னலுக்கு வெளியே பனி மட்டும்தான் தெரியும். தூள் பொட்டலத்தைப் பிரித்த அன்றைக்குத்தான் நான் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டேன்.

தண்டையார்பேட்டை தம்பி
அக்கா, தூள் அம்மா அரைத்துக் கொடுத்ததுதான், ஒரு கிலோ இருக்கிறது. அண்ணே, குக்கரும் இருக்கிறது, ஐந்து லிட்டர் அலுமினியம், ஊரிலிருந்து தூக்கி வந்தேன். ஆனால் இங்கே அடுப்பில் வைத்தால் விளக்கு மினுக்குகிறது, சூடே ஏறவில்லை. அதனால்தான் வீட்டில் இருந்த எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தேன்.

மூலக்கொத்தளம் (மெல்போர்ன்)
அது இண்டக்‌ஷன் அடுப்பு. அலுமினியத்தை அதற்குத் தெரியாது. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார், ஒட்டினால்தான் அந்த அடுப்பில் சுடும். புதிதாக வருகிற எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: அலுமினியக் குக்கரைச் சுமந்து வராதீர்கள், அடியில் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் குக்கராக வாங்குங்கள்.
இன்னொன்று. வீட்டில் அரைத்த மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு மூட்டை கட்டுங்கள். சாம்பார்த் தூளில் இருக்காது, குருமாத் தூளில் இருக்கலாம். துபாய், ஷார்ஜா பக்கமும் சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோக முடியாது. ஐரோப்பாவுக்கு நெய் கூடாது, பால் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். ஆஸ்திரேலியா வந்தால் சாப்பிடும் பொருள் எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் மாட்டினால் அபராதம்.

பெரம்பூர்க்காரன் (ஷார்ஜா)
குக்கருக்குக் கீழே இரும்புத் தோசைக்கல் வைத்தால் வேலை செய்யும். என் மைத்துனர் அப்படித்தான் செய்கிறார்.

மூலக்கொத்தளம் (மெல்போர்ன்)
அண்ணே, வேண்டாம். கல் அளவு மீறிச் சுட்டால் அடுப்பின் மேல் இருக்கிற கண்ணாடி போய்விடும். வாடகை வீடு, அவன்தான் பணம் கட்ட வேண்டும்.

கல்மண்டபம் அக்கா (ஸ்கார்பரோ)
வாடகை வீடு என்றதும் வயிறு எரிகிறது. முதல் வீட்டில் மேல்மாடியில் இருந்த ஓனர், நான் தாளிக்கும்போதெல்லாம் இறங்கி வந்து கதவைத் தட்டுவார். வீட்டைக் காலி செய்த அன்றைக்குச் சுவரில் வாசனை ஏறிவிட்டது என்று டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார். ஐந்து மாதம் சுவரையே துடைத்துத் துடைத்துச் சமைத்தவள் நான்.

பெரம்பூர்க்காரன் (ஷார்ஜா)
ஊரில் கேட்டால் உனக்கு என்னப்பா, சம்பளம் திர்ஹாமில் என்கிறார்கள். அறை வாடகைக்கே பாதி போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

மூலக்கொத்தளம் (மெல்போர்ன்)
ஆபீஸில் மதியம் டப்பாவைத் திறந்தால் பக்கத்து நாற்காலி நகரும். முதல் வருஷம் காரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். முள்ளங்கிச் சாம்பாரும் நெத்திலிக் கருவாடும் சேர்த்துச் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அது எப்படி இருக்கும்? இப்போது காருக்குப் போவதில்லை. எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்தே சாப்பிடுகிறேன்.

ராயபுரம் நர்ஸ் (டப்ளின்)
எல்லோரும் கொஞ்சம் இருங்கள். அந்தப் பிள்ளை அடுப்பில் பருப்பை வைத்துக்கொண்டு நிற்கிறது. தம்பி, நீ எந்த நாடு என்றே சொல்லவில்லை. எந்த ஊர்? பருப்போடு வேறு என்ன போட்டாய்? எந்தத் தண்ணீர்? வீட்டில் வேறு பருப்பு இருக்கிறதா? ஏன் மதியத்துக்குள் என்கிறாய், யாராவது வருகிறார்களா?

தண்டையார்பேட்டை தம்பி
மன்னியுங்கள் அக்கா, பதற்றத்தில் எதையும் சொல்லவில்லை. ஜெர்மனி, மியூனிக். இன்று ஞாயிறு, கடை எதுவும் இல்லை. நேரம் மிச்சமாகும் என்று பருப்பு, தக்காளி, புளிக்கரைசல், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகவே போட்டுவிட்டேன். குழாய்த் தண்ணீர்தான். துருக்கிக் கடையில் வாங்கிய சிவப்புப் பருப்பு ஒரு பாக்கெட் இருக்கிறது. அதில் சாம்பார் வைக்கலாமா தெரியவில்லை.
யாரும் வரவில்லை. மனைவிக்கு மூன்றாவது மாதம். வெள்ளிக்கிழமையிலிருந்து பிரெட், பழம், கஞ்சி எது கொடுத்தாலும் வாந்தி. இன்று காலையில் அவளாகவே முருங்கைக்காய் சாம்பாரும் சோறும் வேண்டும் என்று கேட்டாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக வாய் திறந்து ஒன்று கேட்டிருக்கிறாள்.

ராயபுரம் நர்ஸ் (டப்ளின்)
இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும். சாம்பாருக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், தண்ணீராவது வயிற்றில் தங்குகிறதா? எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது ரொம்பக் கருமையாகப் போகிறது, அல்லது 24 மணி நேரமாக எதுவுமே தங்கவில்லை என்றால் காத்திருக்காதே. ஜெர்மனியில் விடுமுறை நாளில் டாக்டருக்கு 116117. மயக்கம் என்றால் நேராக 112.

தண்டையார்பேட்டை தம்பி
தண்ணீர் தங்குகிறது அக்கா. எலுமிச்சை பிழிந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறாள். சிறுநீர் சரியாகப் போகிறதாம். நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

மிண்ட் பாய் (ஃப்ராங்க்ஃபர்ட்)
தம்பி, இப்போதுதான் பார்த்தேன். ஜெர்மனி என்று சொன்னதும் விஷயம் புரிந்துவிட்டது.
தண்டையார்பேட்டையில் உன் வீட்டில் குடங்கள் எப்படி வைத்திருந்தார்கள், யோசித்துப் பார். அடிபம்புத் தண்ணீர் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீர் தனிக் குடத்தில், மூடி போட்டு. சோறு வடிக்கவும் பருப்பு போடவும் அதுதான். லாரி வராத நாளில் எங்கள் உம்மா தால்சாவே வைக்க மாட்டார். உப்புத் தண்ணீரில் பருப்பு மலராது என்பார். மியூனிக் குழாய்த் தண்ணீரும் கடின நீர்தான். குடிக்க ரொம்ப நல்ல தண்ணீர், பருப்புக்கு மட்டும் ஆகாது. உன் கெட்டிலுக்குள் பார், அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் கால்சியம்தான் பருப்பை இறுக்கிப் பிடிக்கிறது. அதன் மேல் நீ புளியும் தக்காளியும் ஊற்றினாய். புளிப்பும் அதே வேலையைத்தான் செய்யும். இரண்டும் சேர்ந்தால் சாயங்காலம் வரை கொதித்தாலும் வேகாது.
இப்போது இப்படிச் செய். அந்தப் பாத்திரத்தை வடிகட்டு, புளித்தண்ணீரைக் கொட்டாதே. துவரம் பருப்பை ஓரமாக வை. சிவப்புப் பருப்பு அரை டம்ளர் எடுத்துக் கழுவி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் தூளும் இரண்டு பல் பூண்டும் போட்டு வேறு பாத்திரத்தில் வை. உப்பும் புளியும் கூடாது. பாட்டில் தண்ணீர் இருந்தால் அதை ஊற்று. ஜெர்மனியில் பாட்டில் மேலேயே கால்சியம் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும், எண் குறைவாக இருப்பது நல்லது, கேஸ் இல்லாததாகப் பார். பாட்டில் இல்லையென்றால் கெட்டிலில் கொதிக்கவைத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, மேலாக ஊற்று. சிவப்புப் பருப்பு என்பது நம் மைசூர்ப் பருப்புதான், அதற்குக் குக்கர் வேண்டாம், இருபது நிமிடத்தில் குழைந்துவிடும்.

கல்மண்டபம் அக்கா (ஸ்கார்பரோ)
பாய், மைசூர்ப் பருப்பில் வைப்பது சாம்பாரா? மனசு ஒப்பவில்லை.

மிண்ட் பாய் (ஃப்ராங்க்ஃபர்ட்)
அக்கா, ரேஷனில் துவரம் பருப்புக்குப் பதிலாகக் கனடா மஞ்சள் பருப்பு போட்ட காலத்தில் நம் தெருவே அதில்தானே சாம்பார் வைத்தது? நீங்கள் இப்போது அந்த நாட்டில்தான் இருக்கிறீர்கள். வாய்க்குப் பிடிக்க வேண்டியது அந்தப் பெண்ணுக்கு.

கல்மண்டபம் அக்கா (ஸ்கார்பரோ)
சரி, அது நியாயம். அப்படியானால் காயை நான் சொல்கிறேன். தம்பி, முருங்கைக்காய் உறைந்ததா? பனி விடுவதற்காக வெளியே வைக்காதே, நசநசத்துப் போகும். நீ வடித்து வைத்த புளித்தண்ணீரில் வெங்காயம், காய், இரண்டு டீஸ்பூன் தூள் போட்டுத் தனியாகக் கொதிக்கவிடு. பச்சை வாசனை போனதும் உறைந்த முருங்கைக்காயை அப்படியே போடு, பத்து நிமிடம் போதும். ஏற்கெனவே உப்புப் போட்டிருக்கிறாய், கடைசியில் ருசி பார்த்துச் சேர். வேறு காய் இருக்கிறதா?

தண்டையார்பேட்டை தம்பி
கேரட் இருக்கிறது. பச்சையாக உருண்டையாக, மேலே இலைக்காம்போடு ஒன்று வாங்கினேன், கோல்ராபி என்று எழுதியிருந்தது. அது என்னவென்று தெரியவில்லை.

மிண்ட் பாய் (ஃப்ராங்க்ஃபர்ட்)
அது நம் நூக்கல்தான். தோலைக் கனமாகச் சீவிவிட்டுப் போடு, சாம்பாருக்கு அருமையாக இருக்கும்.

ராயபுரம் நர்ஸ் (டப்ளின்)
தாளிக்கும்போது கவனம். அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து அடுப்பறைக் கதவைச் சாத்து. இந்த நேரத்தில் எண்ணெய்ப் புகை பட்டாலே குமட்டும். கடுகு வெடித்ததும் அடுப்பை அணைத்துவிடு. வெந்தயம், மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் அந்தச் சூட்டிலேயே பொரியும், ஸ்மோக் அலாரமும் அடிக்காது. வெதுவெதுப்பாக ஆறவிட்டு, ஒரு கரண்டி சோறு மட்டும் குழையப் பிசைந்து கொடு. கேட்டால் இன்னொரு கரண்டி.

தண்டையார்பேட்டை தம்பி
மணி 12.50. சிவப்புப் பருப்பு வேகவேக மஞ்சளாக மாறிவிட்டது, இது எனக்குத் தெரியவே தெரியாது. கரண்டியால் மசித்தாலே கூழாகிவிட்டது. காய் கொதித்ததில் ஊற்றி ஒரு கொதி விட்டேன். நிறம் அம்மா வைப்பது மாதிரியே வந்தது. அவள் இரண்டு கரண்டி சோறு சாப்பிட்டாள். முருங்கைக்காயை மென்று சக்கையைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்திருக்கிறாள். அரை மணி நேரம் ஆயிற்று, வாந்தி இல்லை. தூங்குகிறாள்.
அந்தத் துவரம் பருப்பை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை.

மிண்ட் பாய் (ஃப்ராங்க்ஃபர்ட்)
அல்ஹம்துலில்லாஹ். போடாதே. நன்றாக அலசி, நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு மூடி வேகவை, வழிக்கு வந்துவிடும். ரசத்துக்கு ஆகும். இங்கே சோடாவுக்கு நேட்ரான் என்று பெயர், கேக் சாமான் வைக்கிற தட்டில் சின்னப் பொட்டலமாக இருக்கும். பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதே, அதில் புளிப்பு இருக்கிறது. சிட்டிகைக்கு மேல் வேண்டாம், சோப்பு ருசி வந்துவிடும், பருப்பில் இருக்கிற வைட்டமினும் போய்விடும். நாளை வரை பொறுக்க முடியாவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும். இனிமேல் துவரம் பருப்பு என்றால் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து விட்டுப் போடு. பாக்கெட்டில் எண்ணெய் தடவியது என்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவு.

ராயபுரம் நர்ஸ் (டப்ளின்)
அவள் எழுந்ததும் முதலில் தண்ணீர் கொடு. மீதிச் சாம்பாரை இப்போதே ஃப்ரிட்ஜில் வை. ராத்திரிக்குக் கெட்டியாகியிருக்கும், கொஞ்சம் வெந்நீர் விட்டு நன்றாகக் கொதிக்கவைத்து அப்புறம் கொடு. நாளைக் காலையில் எப்படி இருக்கிறாள் என்று இங்கேயே வந்து எழுது.