மினி கூப்பர் எஸ்: ரன்-ஃப்ளாட்டைக் கழற்றிட்டு சாதா டியூப்லெஸ் போடலாமா?

ஈசிஆர்_ஓட்டி
வண்டி மூணு கதவு மினி கூப்பர் எஸ், எஃப்56 மாடல். 205/45 ஆர்17 ரன்-ஃப்ளாட் (காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடற டயர்) நாலும் தேய்ஞ்சாச்சு. ஸ்டெப்னி கிடையாது, ஜாக்கியும் கிடையாது. ஓட்டம் சென்னைக்குள்ள, மாசம் ரெண்டு தடவை திருச்சி. சாதா டயருக்கு மாறலாமா? மாறினா கூடவே வேற என்ன மாத்தணும்?

முறுக்கு_ஸ்பேனர்
தாராளமா மாறுங்க சார். ரன்-ஃப்ளாட்டோட பக்கச்சுவர் காத்து இல்லாமலே வண்டியைத் தாங்கணும், அதனால உள்ளே தடியா ரப்பர் வெச்சிருப்பான். டயருக்கு ரெண்டு மூணு கிலோ எடை கூடும். குழியில இறங்கும்போது அந்தச் சுவர் மடங்காது, அடி நேரா அலாய்க்குப் போகும். ரிம் உள்விளிம்பு நெளியறது, சில சமயம் விரிசல் விடறது, எல்லாம் இதனாலதான். ரிம்மை மாத்த வேண்டாம். ரன்-ஃப்ளாட் ரிம்ல பீட், அதாவது ரிம்மைப் பிடிக்கற டயர் விளிம்பு, உட்கார்ற இடத்துக்கு உள்ளே மேடு கொஞ்சம் தூக்கலா இருக்கும், அதுல சாதா டயர் ஏறும். சாதா ரிம்ல ரன்-ஃப்ளாட் ஏத்தறதுதான் தப்பு.

நடு_லேன்
குழிக்கு ரன்-ஃப்ளாட்டை மட்டும் குத்தம் சொல்றது பாதி உண்மைங்க. 205 மில்லிமீட்டர் அகலத்துல 45 சதவீதம்னா பக்கச்சுவர் உயரம் 92 மில்லிமீட்டர். அந்த உயரத்துல சாதா டயர் போட்டா, குழி விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல சுவர் நசுங்கி உள்ளே நூல் அறுந்து, முட்டை மாதிரி புடைக்கும். ரிம் தப்பிச்சாலும் டயர் போச்சு.

ரன்-ஃப்ளாட் காத்தே இல்லாம 80 கி.மீ. வேகத்துல 80 கி.மீ. தூரம் போகும். திருச்சி ரோட்டுல உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் நடுவுல 70 கி.மீ.க்கு மேல. ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கே பக்கச்சுவர் கிழிஞ்சா உங்க சாதா டயரை வெச்சு என்ன பண்ணுவீங்க?

முறுக்கு_ஸ்பேனர்
சுவர் கிழிஞ்சா டோயிங்தான், ஒத்துக்கறேன். ஆனா நம்ம ரோட்டுல பெரும்பாலும் பஞ்சர்னா ஆணி, அதுவும் ரோட்டைத் தொடற டிரெட்ல. அதுக்குக் குச்சி, அதாவது ஓட்டையை அடைக்கற பசை தடவின ரப்பர் திரி, போட்டா பத்து நிமிஷ வேலை. ரன்-ஃப்ளாட்டை 80 கி.மீ. ஓட்டிட்டு வந்தா அதைத் தூக்கிப் போடறதைத் தவிர வழியில்லை.

பீட்_பிரேக்கர்
டயர் கடைப் பக்கம் இருந்து ரெண்டு வார்த்தை. காத்து இல்லாம ஓடின ரன்-ஃப்ளாட்டைக் கழற்றிப் பார்த்தா உள்சுவர் உரசி கறுப்புத் தூள் கொட்டும். அதுக்குப் பஞ்சர் ஒட்டக் கூடாது. வெளியே பார்த்தா புத்தம் புதுசு மாதிரி இருக்கும், அதான் ஆபத்து. ஹைவே ஓரக் கடையில கடப்பாரையால இதைக் கழற்றவும் முடியாது. துணைக்கை வெச்ச மெஷின் வேணும், இல்லேன்னா பீட் கிழியும், அலாயும் கீறும்.

மாத்தறதா இருந்தா நாலையும் ஒரே நாள்ல மாத்துங்க. ஒரே அச்சுல ஒண்ணு ரன்-ஃப்ளாட், ஒண்ணு சாதான்னா பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும். வாங்கும்போது சுவர்ல நாலு இலக்க எண்ணைப் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். வால்வுக்குள்ள சென்சார் இருந்தா பீட்டை அந்தப் பக்கம் அமுக்க வேண்டாம்னு முன்னாடியே கடையில சொல்லிடுங்க. ஹப் முகத்துல துருவைத் தேய்ச்சு எடுத்துட்டு, போல்ட்டை நட்சத்திர வரிசையில 140 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னால கட்டிட்டு விடாதீங்க. நூறு கிலோமீட்டருக்குள்ள திரும்ப ஒரு தடவை அந்த இறுக்கத்தை (டார்க்) பாருங்க.

நடு_லேன்
காத்து அளவு? "சாதாவுல எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கற வகை) போட்டா சுமை அதிகம் தாங்கும், அதனால காத்தைக் குறைச்சு மெத்துனு ஓட்டலாம்"னு நிறைய பேர் கிளப்பி விடறாங்க.

பீட்_பிரேக்கர்
அது தலைகீழ் கணக்கு. டயர் சுவர்ல இருக்கற சுமை எண் 84-னா ஒரு டயர் 500 கிலோ தாங்கும், 88 எக்ஸ்எல்-னா 560 கிலோ. ஆனா அந்த 560 கிடைக்கறது 42 பிஎஸ்ஐ-ல. 36-ல வெச்சா அதுவும் ஏறக்குறைய 500 கிலோதான் தாங்கும். கதவுச் சட்டத்துல ஒட்டியிருக்கற அளவுக்குக் கீழே போகாதீங்க. டயர் குளிர்ந்திருக்கும்போது அளங்க.

முறுக்கு_ஸ்பேனர்
நடு_லேன் சொன்ன 92 மில்லிமீட்டர் நியாயம். அதுக்கு மருந்து 16 இஞ்ச். 195/55 ஆர்16-ல சுவர் 107 மில்லிமீட்டர், மொத்த விட்டம் 616-லிருந்து 621, ஸ்பீடோமீட்டர்ல ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வராது. பலேனோ, ஐ20-ல வர்ற சைஸ் அது, பெரம்பலூர்லயும் கிடைக்கும். 205/45 ஆர்17 ரன்-ஃப்ளாட்டோ சாதாவோ, சின்ன ஊர்க் கடையில எதுவும் இருக்காது.

நடு_லேன்
அந்தக் கடையில இருக்கறது பெரும்பாலும் எச் வேக ரேட்டிங், 210 கி.மீ. வரை. கூப்பர் எஸ்-ஸோட உச்ச வேகம் 230-ஐத் தாண்டும். 240 கி.மீ. தாங்கற வி ரேட்டிங்குக்குக் கீழே போடக் கூடாது. அவசரத்துக்கு எச் போட்டா அடுத்த ஊர்ல மாத்திடணும். 16 இஞ்ச் அலாய் தேடினா 5x112 (112 மில்லிமீட்டர் வட்டத்துல அஞ்சு போல்ட்), நடு ஓட்டை 66.6 மில்லிமீட்டர். ஸ்கோடா அலாய் அதே 5x112தானேன்னு வாங்கிடாதீங்க, அதோட ஓட்டை 57.1, ஹப் மேல ஏறவே ஏறாது. ஜேசிடபிள்யூ (மினியோட இன்னும் வேகமான மாடல்) வெச்சிருக்கறவங்க 16 இஞ்ச் பேச்சையே விட்டுடுங்க, பெரிய பிரேக் காலிப்பர் ரிம்ல இடிக்கும்.

ஈசிஆர்_ஓட்டி
ஸ்டெப்னி இல்லாம ஓட்டினா சட்டச் சிக்கல் வருமா?

முறுக்கு_ஸ்பேனர்
2020 அக்டோபர்ல இருந்து அமலான விதிப்படி, டியூப்லெஸ் டயர், காத்தழுத்த எச்சரிக்கை, பஞ்சர் கிட் மூணும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. ஆக கிட் இல்லாம கிளம்பக் கூடாது. 12 வோல்ட் கம்ப்ரசர், குச்சி செட், இடுக்கி, பசை, பழைய துணி. டயர் மாத்தின அன்னிக்கே மெனுவுல காத்து எச்சரிக்கையை ரீசெட் பண்ணுங்க.

ஜாக்கி இல்லாமலே குச்சி போடலாம். முன் சக்கரம்னா ஸ்டீயரிங்கை முழுசாத் திருப்புங்க. பின் சக்கரம்னா வண்டியை அரைச்சுத்து உருட்டி ஆணியைப் பின்பக்கம் கொண்டு வாங்க. ஆணி எந்தச் சாய்வுல இருக்குன்னு பார்த்துட்டு இழுங்க, அதே சாய்வுல துருவி விடுங்க. குச்சியை ஊசியில கோத்து உள்ளே குத்தி, ஒரு சென்டிமீட்டர் வெளியே விட்டு ஊசியைச் சட்டுனு உருவுங்க. காத்து ஏத்தி, எச்சில் தொட்டு வைங்க, குமிழி வரலேன்னா கிளம்பலாம். ஊர் போய் டயரைக் கழற்றி உள்ளேயிருந்து காளான் வடிவ ரப்பர் பேட்ச் போட்டுக்கணும்.

நடு_லேன்
ஓட்டையை உள்ளேயிருந்து அடைக்கற திரவம், சீலன்ட், அந்தப் பாட்டில்ல காலாவதித் தேதி இருக்கும், அதையும் பாருங்க. சீலன்ட் ஊத்தின டயரை ஒட்ட பாதிக் கடைக்காரங்க முகம் சுளிப்பாங்க, வால்வு சென்சாரையும் அடைக்கும். குச்சியால முடியாதப்போ மட்டும் ஊத்துங்க.

எனக்கு இன்னும் ரன்-ஃப்ளாட்தான் சரி. ராத்திரியில தனியா ஓட்டறவங்க வீட்டுல இருந்தா ரோட்டோரம் குனிஞ்சு குச்சி போடச் சொல்ல மாட்டேன்.

ஈசிஆர்_ஓட்டி
திருச்சி ஓட்டம் பகல்லதான். 16 இஞ்ச், 87வி, நாலு சாதா. அலாய் கிடைக்கற வரைக்கும் இருக்கற ரன்-ஃப்ளாட் ஓடட்டும்.

பீட்_பிரேக்கர்
டிரெட் தேய்ஞ்சு 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டையைத் தொட்டுடுச்சான்னு பாருங்க. தொட்டிருந்தா அலாய்க்காகக் காத்திருக்காதீங்க சார்.