வெர்மிலியோ: அழ வேண்டிய இடத்தில் கேமரா ஏன் விலகிப் போகிறது?

கல்மரம்:
முழுக்கதையும் பேசப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

மௌரா தெல்பெரோ இயக்கிய இத்தாலியப் படம். 2024 வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசான வெள்ளிச் சிங்கம் வாங்கியது. 1944, ஆல்ப்ஸ் மலையில் வெர்மிலியோ என்ற கிராமம். பள்ளி வாத்தியார் சேசரே, ஓயாமல் பிள்ளை பெறும் மனைவி அதேலே, வீடு நிறையப் பிள்ளைகள். படையிலிருந்து ஓடிவந்த சிசிலிக்காரன் பியெத்ரோ அங்கே ஒளிந்திருக்கிறான். மூத்த மகள் லூச்சியாவுக்கு அவன்மேல் காதல். கல்யாணம் ஆகிறது, வயிற்றில் குழந்தை. போர் முடிந்ததும் ஊருக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பியவன் திரும்பவே இல்லை. அங்கே அவனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அவளே அவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறாள்.

இதைவிட அழுத்தமான குடும்பக் கதை வேண்டுமா? ஆனால் சுடுவதும் திரையில் இல்லை, அந்த இரண்டு பேரும் பேசுவதும் இல்லை. எல்லாம் எங்கோ நடந்து சேதியாக வந்து சேர்கிறது. பதிலுக்குப் பனி, மாடு, ஜன்னல், மறுபடி பனி. உணர்ச்சியைக் காட்டினால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம் இன்றைய விழாப் படங்களுக்கு இருக்கிறது. இந்தப் படத்துக்கும் இருக்கிறது. இன்னொன்று: ஊருக்கே புத்தி சொல்லும் வாத்தியார், மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமலா பெண்ணைக் கொடுப்பார்?

பொன்னி:
விசாரிப்பு பற்றி வேறு யாராவது சொல்லட்டும். உணர்ச்சி இல்லை என்கிறீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

படத் தொடக்கத்தில் பால் காட்சி நினைவிருக்கிறதா? விடிகாலை, கறந்த பால் அடுப்பில் காய்கிறது. அகப்பையால் ஒவ்வொரு கிண்ணத்திலும் ஊற்றுகிறார்கள். இத்தனை வாய்க்கும் இவ்வளவு பால்தான் என்பது ஒரு வசனமும் இல்லாமல் புரிந்துவிடுகிறது. பிற்பாடு அதே வீட்டில் சேசரே இசைத்தட்டு வாங்கிக்கொண்டு வரும்போது, அந்தக் கிண்ணங்களை நினைத்துத்தான் நமக்குப் பதறுகிறது. இது உணர்ச்சி இல்லையா? கத்தினால்தான் கணக்கில் வருமா?

சுட்டதைக் காட்டாததற்கும் காரணம் இருக்கிறது. மலைக்கு மேலே இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சாவு எப்படி வந்து சேர்ந்ததோ, நமக்கும் அப்படியே வருகிறது. லூச்சியா பார்க்காத ஒன்றை நாம் மட்டும் பார்த்து என்ன ஆகப் போகிறது?

செந்தூரன்:
விசாரிக்காதது ஏன் என்று கேட்ட கல்மரம் சாருக்கு: விசாரிக்க வழியே இல்லை. 1943 ஆகஸ்ட்டிலேயே சிசிலி முழுவதும் நேச நாட்டுப் படைகளின் கைக்குப் போய்விட்டது. செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்த செய்தி வெளியானதும் ஜெர்மானியர்கள் வடக்கை வளைத்துக்கொண்டார்கள். வெர்மிலியோ இருக்கும் த்ரெந்தோ, பக்கத்தில் போல்சானோ, பெல்லூனோ மூன்று மாகாணங்களையும் சேர்த்துத் தங்கள் நேரடி ஆளுகையில் வைத்தார்கள். நாட்டின் குறுக்கே போர்முனை. மலையிலிருந்து சிசிலிக்குக் கடிதம் எழுதி மாப்பிள்ளையின் யோக்கியதையைக் கேட்பது அன்று நடக்கிற காரியமே இல்லை. அதுவும், ஓடிவந்த சிப்பாய் எங்கே இருக்கிறான் என்று காகிதத்தில் எழுதினால் அவன் உயிருக்கே ஆபத்து.

அந்த ஊர் போரை முன்பே பார்த்த ஊர். முதல் உலகப் போரின்போது அது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. மேலே தொனாலே கணவாயில் போர்முனை. 1915-ல் ஊர் மக்களை மொத்தமாக ஆஸ்திரியாவுக்குள் மித்தெர்ன்தோர்ஃப் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். சேசரே வயதுக்காரர்கள் எல்லாம் வேறொரு நாட்டின் குடிமக்களாகப் பிறந்தவர்கள். சீருடையைக் கழற்றிப் போட்டவனை அந்த ஊர் ஒளித்து வைத்ததில் ஆச்சரியமே இல்லை.

கல்மரம்:
செந்தூரன், தகவலுக்கு நன்றி. விசாரிப்பு விஷயத்தில் உங்கள் பதில் எனக்குப் போதும். ஆனால் இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, படத்தில் எங்கே இருக்கிறது? போர்முனை எங்கே ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால்கூடப் போதுமே.

பொன்னி, லூச்சியா பார்க்காததைப் படமும் பார்க்காது என்கிறீர்கள். அப்படியானால் தங்கை ஆதா அலமாரிக் கதவின் மறைவில் செய்வதை லூச்சியாவா பார்த்தாள்? வாத்தியார் பூட்டி வைத்த மேஜை இழுப்பறைக்குள் இருக்கும் நிர்வாணப் படங்களை அவளா திறந்தாள்? கேமரா அந்த வீட்டில் எல்லா மூலைக்கும் போகிறது. கடைசியில் கடல் தாண்டிச் சிசிலிக்கே போகிறது. துப்பாக்கி இருக்கிற இடத்துக்கு மட்டும் போக மறுக்கிறது. அது இயக்குநரின் தயக்கம்தான்.

ரயில்பயணி:
எனக்குப் படம் மெதுவாகத்தான் போனது. ஒளிப்பதிவு மிக்கெயில் கிரிச்மன், அதற்காகவே உட்கார்ந்து பார்த்தேன்.

பொன்னி:
கல்மரம் சார், நீங்கள் சொன்னதை வைத்தே சொல்கிறேன். ஆதா, லூச்சியா, ஃபிளாவியா, அம்மா அதேலே. கேமரா இந்த வீட்டுப் பெண்கள் இருக்கும் இடத்தில் இருக்கிறது. சிசிலிக்குப் போவதும் லூச்சியா அங்கே போவதால்தான். அவன் கல்லறையையும், அவனைக் கொன்ற பெண்ணையும் அவள் பார்க்கிறாள். ஒரே ஆள் ஏமாற்றிய இரண்டு பெண்கள். கொலையை முன்பே காட்டியிருந்தால் அவளைக் கொலைகாரி என்றுதான் பார்த்திருப்போம். காட்டாததால் லூச்சியாவின் கண்ணால் அவளை முதன்முதலாகப் பார்க்கிறோம்.

செந்தூரன்:
இதில் ஒன்று சேர்க்கிறேன். இத்தாலியில் மணமுறிவுக்குச் சட்டம் வந்ததே 1970-ல். பியெத்ரோ மனம் திருந்தி உண்மையைச் சொன்னாலும், லூச்சியாவை முறைப்படி மனைவியாக்க அன்று வழி கிடையாது. மானத்துக்காகக் கொலை என்றால் தண்டனையைக் குறைக்கும் சட்டப் பிரிவு வேறு 1981 வரை இருந்தது. அந்தச் சிசிலிப் பெண் கையில் துப்பாக்கி எடுத்ததற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

கல்மரம்:
அதைத்தானே நானும் கேட்கிறேன்! இவ்வளவு இருக்கும்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு காட்சி கிடையாதா? வெர்மிலியோ வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான் துக்கமா? பெண்கள் இருக்கும் இடத்தில் கேமரா இருக்கிறது என்றால், படத்திலேயே அதிகம் இழந்த ஒருத்தி வாயே திறக்காமல் போவது எப்படி நியாயம்? பழைய மெலோடிராமா எடுத்தவர்கள் அவளுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருப்பார்கள். நாமும் அவளோடு சேர்ந்து அழுதிருப்போம்.

ரயில்பயணி:
எனக்கு என்னவோ பியெத்ரோவைவிட அந்த வாத்தியார்தான் பெரிய கெடுதல் செய்தவர் என்று படுகிறது. வீட்டில் ஒரு மகளை மட்டும்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்று அவரே முடிவு செய்து ஃபிளாவியாவைத் தேர்ந்தெடுக்கிறார். ஆதாவுக்குப் படிப்பில் அவ்வளவு ஆசை. இத்தனைக்கும் இசைத்தட்டு வாங்கப் பணம் இருக்கிறது. மனைவி கேட்டால் ஆன்மாவுக்கும் சாப்பாடு வேண்டும் என்கிறார்.

பொன்னி:
இதில் நான் உங்கள் பக்கம் முழுசாக வர மாட்டேன். அதே மனிதர்தான் வகுப்பில் விவால்டியின் இசைத்தட்டைப் போட்டுப் பிள்ளைகளுக்குப் பருவ காலங்களைக் கேட்கச் சொல்லித் தருகிறார். சாயங்காலம் பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லித் தருகிறார், பியெத்ரோவும் அங்கே வந்துதான் எழுதப் பழகுகிறான். தொம்மாசோ ரான்யோ நடித்ததில் அந்தப் பிரியமும் தெரிகிறது, வீட்டாரை நசுக்குவதும் தெரிகிறது. ஆதாவுக்கு அவர் செய்தது அநியாயம், அதில் சந்தேகம் இல்லை. அவரை வில்லனாக்கிவிட்டால் ஆதாவின் வேதனை பாதியாகிவிடும். அவள் அவரை மதிக்கிறாள், அதனால்தான் தனக்குத் தானே தண்டனை எழுதி வைத்துக்கொள்கிறாள்.

கல்மரம்:
ஆதா பகுதியில் நடிப்பு அருமை, ஒப்புக்கொள்கிறேன். அங்கே மட்டும் படம் ஒதுங்கி நிற்காமல் அவள் பக்கத்திலேயே இருக்கிறது. லூச்சியாவுக்கும் அதையே செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். கணவன் செத்த செய்தி வந்த பிறகு அவள் முகத்தைப் பார்க்க நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

பொன்னி:
குழந்தை பிறந்த பிறகு வரும் பகுதியை மறுபடி பாருங்கள். பெற்ற குழந்தையை அவளால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டில் மற்றவர்கள்தான் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். நீங்கள் காத்திருந்த அழுகை அங்கேதான் இருக்கிறது, செய்தி வந்த நிமிடத்தில் இல்லை. துக்கம் பல பேருக்கு அப்படித் தாமதமாகத்தான் வரும்.

கல்மரம்:
மறுபடி பார்க்கிறேன். ஆனால் அந்தச் சிசிலிப் பெண்ணுக்கு என்ன பதில் என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.