தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையை நாம் நினைவுகூர வேண்டுமா?

கண்டிக்காரன்:
ஏப்ரல் 25 வந்தால் அவுஸ்திரேலியரும் நியூசிலாந்தவரும் முதலாம் உலகப் போரில் துருக்கியின் கலிபோலியில் மாண்டவர்களுக்கு விளக்கேற்றுகிறார்கள். 1915-இல் அதே நாள், அதே கலிபோலியில், அவர்கள் படையின் பெயரால் அழைக்கப்படும் அன்சாக் குடாவில், நம் மலையகத்திலிருந்து போனவர்களும் இறங்கினார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தோட்டங்களை நடத்திய வெள்ளைத் துரைமாரின் தொண்டர் படையான இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை 1900-இல் உருவானது, தலைமையகம் கண்டி. 1914 ஒக்டோபரில் மேஜர் ஹால் பிரவுன் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் கப்பலேறினார்கள். முதலில் சூயஸ் கால்வாய்க் காவல், பிறகு கலிபோலியில் அன்சாக் படைத் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையகக் காவல். யாரும் பிடித்துத் தள்ளவில்லை, விரும்பிப் போனார்கள். தோட்டத்தில் சின்னத்துரையாக, அதாவது துணை நிர்வாகியாக, இருந்தவர் அங்கே சாதாரணச் சிப்பாய். அந்தப் போரில் படை இழந்தது 80 பேரை. மறக்கலாமா?

லயத்துப்பிள்ளை:
"நம் மலையகத்திலிருந்து" என்கிறீர்களே அண்ணே, அங்கேதான் இடிக்கிறது. அந்தப் படையில் ஐரோப்பியர் மட்டும்தான் சேர முடியும். கொழுந்து பறித்தவருக்கும் கங்காணிக்கும் அதில் இடமே இல்லை. 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போடலாம். அந்தச் சட்டத்தை வைத்து ஆளை மடக்கியவரும், பரேட்டில் துப்பாக்கி தூக்கியவரும் ஒரே துரை. என் பாட்டி துரையின் குதிரைச் சத்தம் கேட்டாலே பிள்ளைகளை லயத்துக்குள் இழுத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்வாள். வீரம் இருந்திருக்கலாம். ஆனால் அது என் வீரமில்லை.

பழைய வாத்தியார்:
தம்பி சொல்வதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். குடாவில் இறங்கிய ஐந்தாவது வாரத்தில் இங்கே கண்டியில் சிங்கள-முஸ்லிம் கலவரம் வெடித்தது. ஜூன் 2-இல் இராணுவச் சட்டம் வந்தது. பஞ்சாபிப் படையோடு ஐரோப்பியத் தொண்டர் படையினரும் சிங்களக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். விசாரணையே இல்லாமல் சுடப்பட்டவர்கள் உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் எழுந்து கேட்டது அதைத்தான். கொழும்பு நகரக் காவற்படையும் தொண்டர் படைதான். அதன் அதிகாரி ஹென்றி பெதிரிஸ் இந்தக் கலவரத்தை ஒட்டி 26 வயதில், ஜூலை 7 அன்று, இராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் சுட்டுக் கொல்லப்பட்டார். தொண்டர் சீருடை அணிந்த சிங்களவருக்குக் கிடைத்தது அது. சீருடை ஒன்று, நீதி இரண்டு.

கம்பளை மகன்:
எல்லோரும் ஒரு பக்கத்தையே பேசுகிறீர்கள். அந்தக் கலவரத்தில் அரசு கணக்குப்படியே 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், 4,075 கடைகள் சூறையாடப்பட்டன. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் முன்னால் பெரஹெரா ஊர்வலத்தில் மேளம் அடிப்பது பற்றிய வழக்கில்தான் புகைச்சலே மூண்டது. எரிகிற கடைக்குள் நின்றவன், துப்பாக்கியோடு வந்தவன் தோலின் நிறத்தைப் பார்த்திருப்பானா?

பழைய வாத்தியார்:
பார்த்திருக்க மாட்டான் ஐயா. உங்கள் ஊர் பட்ட அழிவை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் தீயை அடக்குவது வேறு. தீ அடங்கிய பிறகு வீட்டிலிருந்தவனை வெளியே இழுத்துச் சுடுவது வேறு. இராமநாதன் எதிர்த்தது இரண்டாவதை.

கண்டிக்காரன்:
ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கலிபோலியில் இருந்தவர் அந்த ஜூனில் இங்கே இல்லை. இங்கே சுட்டவர்களின் பாவத்தை அங்கே செத்தவர் தலையில் ஏற்றலாமா?

லயத்துப்பிள்ளை:
ஏற்றவில்லை. செத்தவர்களுக்கு மரியாதை உண்டு. நீங்கள் படைக்கு மரியாதை கேட்கிறீர்கள். படை 1949 வரை இருந்தது. இலங்கை இராணுவம் உருவானபோதுதான் கலைத்தார்கள். அத்தனை வருடத்தையும் கலிபோலியின் சில மாதங்களால் மூட முடியாது அண்ணே.

கண்டிக்காரன்:
சரி தம்பி, "நம்" என்ற சொல்லை மீளப் பெறுகிறேன். அந்த 80 பேருக்காக அடுத்த ஏப்ரலிலும் எழுதத்தான் போகிறேன். அப்போது ஜூன் மாதத்தையும் சேர்த்தே எழுதுவேன்.